முப்பது மைக்ரான்

அறிவியல் மையத்தின் வாசலில் ஒரு பலகை:
பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும்.
ஆட்டோக்காரர் அதைப் படித்தார்,
என்னைப் பார்த்தார்,
மீதிச் சில்லறையைக் கொஞ்சம் மெதுவாகவே எண்ணினார்.

உள்ளே பதினொரு பேர்.
பகலில் வந்த பள்ளிக்கூடம் சிந்திய பாப்கார்ன்
டைனோசரின் காலடியில் இன்னும் கிடந்தது.
ஏற்காடு பஸ் கண்டக்டர் வெங்கிடுசாமி,
செவ்வாப்பேட்டையில் கொலுசுக்குப் பொடிவைத்து ஊதும் அர்த்தநாரி
(பேசுவதும் அப்படித்தான்),
இரண்டு கிரெடிட்டுக்காக வந்த
பல்கலைக்கழகப் பிள்ளைகள் நாலு பேர்,
இன்னும் பெயர் கேட்காத சிலர்,
அப்புறம் நான்.
வெள்ளைக்கல் சுரங்கத்தில் எடைமேடை எழுத்தர்.
பத்தொன்பது வருஷமாக
லாரி ஏறும், முள் நிற்கும், எழுதுவேன்.
படித்தது வணிகவியல்.

ஆளுக்கு ஒரு கல் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.
நான் இரண்டு எடுத்துப் போனேன்.
கௌரவத்துக்கு ஒரு வெள்ளைக்கல்.
இன்னொன்று, மின்விசிறிக்குப் பதிவேடு பறக்காமலிருக்க
மேசையில் வைத்திருக்கும் கழிவுக்கல்,
பச்சையும் கறுப்புமாக,
எண்ணெய் படிந்த பாத்திரத்தின் நிறம்.

வகுப்பெடுக்கும் தஸ்னீமுக்கு இருபத்து நாலு வயது.
சீவிய சில்லைக் கண்ணாடியில் ஒட்டி
மாவுபோன்ற தூளில் தேய்க்கச் சொன்னாள்,
எட்டு வடிவத்தில்.
"லைசென்ஸுக்கே மூணு தடவை போட்டேன் இந்த எட்டை"
என்றார் வெங்கிடுசாமி.
முப்பது மைக்ரான் வரும்வரை தேய்க்க வேண்டும்.
முடியில் பாதிகூட இல்லை.
இரண்டு மணிநேரம்.
தோள்பட்டை கழன்றது.
ஒரு மாணவனின் கல் தேய்ந்தே போய்விட்டது,
வெறும் கண்ணாடியைத் தூக்கிப்பிடித்து
"தேர்வுல இது வருமா மேடம்?" என்றான்.
என் கல்லுக்கு அடியில்
விரித்திருந்த தினசரியின் எழுத்து தெரிந்தது:
தங்கம் சவரனுக்கு மீண்டும் உயர்வு.

முதலில் வெள்ளைக்கல்.
நுண்ணோக்கியில் பால் திரிந்ததுபோல ஒரு வெளிறல்.
ஊருக்குச் சோறு போடும் கல் அது,
குறை சொல்லக் கூடாது.

பிறகு கழிவை வைத்தாள்.

இளம்பிள்ளைத் தறியில்
இத்தனை நிறத்தை ஒரே சேலையில் போட்டால்
ஒருத்தரும் வாங்கமாட்டார்கள்.
ஊதா, கிளிப்பச்சை, நடுவில் வெட்கமேயில்லாத ரோஸ்,
துண்டு துண்டாக, விரிசல் விரிசலாக.
தட்டைத் திருப்பினேன்.
ஒன்று அணைந்தது, பக்கத்தில் ஒன்று எரிந்தது.
ஒரு சுற்றுக்கு நாலு முறை
ஒவ்வொன்றும் இருட்டுக்குப் போய்த் திரும்புகிறது,
எல்லாம் சேர்ந்து அல்ல,
அதனதன் நேரத்தில்.

"நிறம் கல்லுல இல்லக்கா.
உள்ள போற வெளிச்சம் ரெண்டாப் பிரியுது.
ஒண்ணு பின்தங்கி வருது.
அந்தத் தாமதம்தான் உங்களுக்கு நிறமாத் தெரியுது."

அப்படியானால் இதன் அசல் நிறம் என்ன என்றேன்.
"எந்த வெளிச்சத்தில?" என்றாள்.

அர்த்தநாரி குனிந்து பார்த்தார்.
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பொடிவைக்காமல் அவர் பேசியது அன்றைக்குத்தான்:
"இதுக்கு உரிமைத்தொகை உண்டாம்மா?"
கிடையாது என்றேன்.
குப்பைமேட்டில் மலையாகக் கிடக்கிறது,
மழைக்காலத்தில் சரியும்,
வருஷத்துக்கு ஒருமுறை அதைப்பற்றி மனு வரும்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு முதல் வண்டி.
தார்ப்பாய் போடாமல்
வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது அதன்மேல்.
ஒன்றும் தெரியவில்லை.
எண்ணெய்ப் பாத்திரம், அவ்வளவுதான்.
நான் பார்த்துக்கொண்டே நின்றதில்
ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.
பன்னிரண்டு டன் நானூற்று எண்பது.
கழிவு என்றுதான் எழுதினேன்.
அந்தப் பதிவேட்டில் வேறு கட்டம் இல்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு
பதினெட்டாம் கொண்டை ஊசி வளைவிலிருந்து
ஒரு கல் கொண்டுவருகிறாராம் வெங்கிடுசாமி.
அங்கே பஸ்ஸை நிறுத்தக் கூடாதே என்றேன்.
"நிறுத்தக் கூடாதுதான்" என்றார்.
"பஞ்சர் ஆனா?"